தங்கை மிதந்த தண்ணீர்

2006 ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. காற்றில் அவ்வளவு ஈரம். காரின் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. தங்கையின் ஓராண்டு நினைவுக்காக எழுத உட்கார்ந்தால், அவர் பிறந்த நாளோ மறைந்த நாளோ முதலில் வருவதில்லை. துபாயில் ஒரு நீச்சல் கிளப்பின் வாசலில் நாங்கள் இறங்கிய அந்த நேரம்தான் வருகிறது.

தங்கை 1950-இல் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் பிறந்தார். எனக்கு நான்கு வயது இளையவர். தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகி, ஏழு வயதில் அதை அவிழ்த்து எறிந்தவர். நீந்துவதைவிட மல்லாந்து மிதப்பதில்தான் அவருக்கு ஆசை. காது இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டால் யார் கூப்பிட்டாலும் கேட்காது என்பார். வயதுக்கு வந்ததும் வீட்டில் அவரைக் கிணற்றுப் பக்கம் விடவில்லை. படித்தார், கணித ஆசிரியையானார், மணமானார். பிள்ளைகள் இல்லை. மைத்துனர் 1998-இல் காலமானதும் துபாயில் ஓர் இந்தியப் பள்ளியில் வேலை தேடிக்கொண்டு, கராமாவில் என்னோடும் என் மனைவியோடும் வந்து தங்கினார். ஜெபல் அலி தொழிலாளர் கேம்பிலிருந்து லீவு நாளில் வரும் ஊர்க்காரர்களுக்குச் சோறு போட்டு, வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் கமிஷன் எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்த்துச் சொல்வார். தமக்கென்று அவர் கேட்டது ஒன்றுதான்: ஆழமான, அசையாத தண்ணீரில் இன்னொரு தடவை மிதக்க வேண்டும். மம்சார் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். "அலை மூஞ்சில அடிக்குதுண்ணே, இது சரிப்படாது" என்று கரையேறிவிட்டார்.

அவர் மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தாய், தாம் உறுப்பினராக இருந்த கிளப்புக்கு விருந்தினராக வரும்படி தங்கையை அழைத்தார். தங்கை கராமா தையற்காரரிடம் கணுக்கால் வரை மூடும் நைலான் உடை ஒன்று தைத்துக்கொண்டார். சரியாக வரும்வரை அந்த மனிதரை விடவில்லை.

விருந்தினர் கட்டணம் ஐம்பது திர்ஹம் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. நான் நோட்டை நீட்டினேன். அதற்குள் அந்தச் சிறுமி உள்ளேயிருந்து ஓடிவந்து தங்கையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வாசலில் இருந்த மலையாள இளைஞர் அதைப் பார்த்துச் சிரித்து, "வேண்டா சேட்டா, இவங்களுக்குப் பைசா இல்ல" என்று நோட்டைத் திருப்பித் தந்தார். அந்த அம்மையார் முன்பே கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம்.

தங்கை உடை மாற்றி வந்து முதல் படியில் இறங்கி நின்றார். அவ்வளவுதான், மேற்பார்வையாளர் வந்துவிட்டார். ஆயாக்கள் கரையில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார். வாசலில் ஏன் பணம் வாங்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அம்மையார் எழுந்துவந்து, இவர் என் மகளின் ஆசிரியை, என் விருந்தாளி என்றார். மேற்பார்வையாளர் மன்னிப்புக் கேட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போய்த் திரும்பினார். அவரும் நம் நாட்டவர்தான். தரையைப் பார்த்தபடி பேசினார். விருந்தாளி என்றால் கமிட்டியின் அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும், இந்தியர்களுக்கு அப்படி ஒரு விதி இருக்கிறது என்றார். எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"பைசா விஷயம் இல்ல சார்."

ஆயா என்றால் இலவசம். விருந்தாளி என்றால் எந்த விலைக்கும் இல்லை. அம்மையார் குரலை உயர்த்தினார். தங்கை அவர் கையைப் பிடித்து அடக்கிவிட்டு ஈரக்காலோடு மேலே ஏறினார். அழுத சிறுமியிடம், மறுநாள் பின்னக் கணக்கு இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினார். வாசல் இளைஞர் விஷயம் தெரிந்து, தங்கையின் பையைக் கார் வரை தூக்கிவந்தார்.

காரில் நான்தான் புலம்பிக்கொண்டு வந்தேன். தங்கை சொன்னார்: "வாசல்ல அம்பது திர்ஹம் மிச்சம்னு சட்டைப்பையத் தடவுனீகள்ல, அதான் கண்ணு பட்டுருச்சு." பிறகு சாலையைப் பார்த்தபடி, "தண்ணி சில்லுன்னு இருந்துச்சுண்ணே. அசையவே இல்ல. நம்ம கெணறு கணக்கா" என்றார்.

அம்மையார் கமிட்டிக்கு எழுதினார். பதில் வரவில்லை. அடுத்த ஆண்டு அவரே அந்தக் கிளப்பை விட்டார். நான் வேறு இரண்டு கிளப்புகளில் விசாரித்தேன். தொலைபேசியில் இடம் இருந்தது. நேரில் போய் நின்றதும் நிறைந்துவிட்டது.

2008 தொடக்கத்தில் ஷார்ஜா முவைலாவில், மொட்டைமாடியில் நீச்சல்குளம் உள்ள புதுக் கட்டடம் ஒன்றைக் கண்டேன். கராமாவின் குறைந்த பழைய வாடகையை விட்டுவிட்டு, அங்கிருந்து தினமும் ஜெபல் அலிக்கு டியூட்டிக்குப் போய்வருவீர்களா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. தங்கையும் வேண்டாம் என்றார். முன்பணத்தைக் கட்டிய பிறகுதான் இருவரிடமும் சொன்னேன்.

குடியேறிய மூன்றாம் நாள் விடியற்காலையில் கட்டடக் காவலாளி மாடிக் கதவைத் திறந்துவிட்டார். பெஷாவர் பக்கத்துக்காரர். வேறு ஆண்கள் ஏறிவராதபடி படியிலேயே உட்கார்ந்துகொண்டார். தங்கை அதே நைலான் உடையில் இறங்கினார். மல்லாந்தார். காது இரண்டும் உள்ளே போயின. அப்படியே கிடந்தார். துண்டை வைத்துக்கொண்டு கரையில் நின்ற எனக்குப் பதற்றம். போதும் ஏறும்மா, சளி பிடிக்கும் என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் கணையத்தில் நோய் என்று தெரியும்வரை நாள் தவறாமல் மிதந்தார். டிசம்பரில் மறைந்தார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், "குளத்துல தண்ணி மாத்திட்டாகளாண்ணே?" என்று கேட்டார். மாற்றிவிட்டார்கள் என்றேன். இப்போதும் விடியற்காலையில் மாடிக்குப் போய் நிற்கிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. தண்ணீர் அசையாமல் கிடக்கிறது.

நோயில் முறைவைத்து உடனிருந்த பள்ளி ஆசிரியைகள், ரத்தம் கொடுக்க ஜெபல் அலியிலிருந்து வேன் பிடித்து வந்த ஊர்க்காரர்கள், உடலை ஊருக்கு அனுப்பும் காகிதங்களுக்காக அலைந்த நண்பர்கள், அந்த அம்மையார், அவர் மகள், தையற்காரர், காவலாளி, பையைத் தூக்கிவந்த இளைஞர் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கணக்கை எழுதாமல் முடிக்க எனக்கு வராது. இரண்டு வீட்டு வாடகைக்கும் உள்ள வித்தியாசம், தரகு, சாமான் ஏற்றிய லாரிக் கூலி எல்லாம் சேர்த்து, தங்கை காது நனைய மிதந்ததற்கு எனக்கு ஆன செலவு இருபத்து நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது திர்ஹம்.