புல்கார்டு பக்கம் நின்றவர்

கிறிஸ்டினா மின்விசிறிக்குக் கண்டென்சர் மாற்றினாள். அப்பா பாக்கியசாமி ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துக் காட்டிய பிறகும் கேட்டார்.

"கரண்ட் இல்லதான?"

"எலெக்ட்ரிகல் படிக்க வெச்சதே நீங்கதானப்பா. கொஞ்சமாச்சும் நம்புங்க."

"ஒன்ன நம்புறேன். கரண்ட நம்ப மாட்டேன்."

விசிறி சுற்றியது. அவர் பனியனைக் கழற்றிவிட்டு அதன் கீழே உட்கார்ந்தார். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அந்த வாரமே அவர் போய்விட்டார்.

பயந்த மனிதர். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் சாயங்கால ஜெபத்துக்கு முன் டி.வி.யைச் சத்தமாக வைப்பார்; பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது. சீரியல் மாமியார் கத்தும்போது இவர் பைபிள் சங்கீதம் சொல்வார். காட்சியில் அமைதி வந்தால் இவர் குரலும் தானாக இறங்கும்.

"இவ்ளோ பயந்துகினு எதுக்குப்பா ஜெபம்?"

"தைரியசாலிக்கு எதுக்குடி ஜெபம்?"

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நிலக்கரி ஓடும் பெல்ட்டின் ஓரம் சிந்திய கரியை வார வேண்டும். ஒருவர் குனிந்து வாருவார். இன்னொருவர் புல்கார்டு பக்கம் நிற்பார். அந்தக் கயிற்றை இழுத்தால் பெல்ட் நிற்கும். குனிந்தவன் உயிர் நிற்கிறவன் கையில்.

ஒரு வருஷம் கூட வேலை செய்த சங்கரலிங்கத்தின் விரல் ரோலரில் போனது. கேங்குக்கு மேஸ்திரி கருணாகரன்.

"எல்லாரும் பொட்டு வெச்சிகினு கும்புடுறோம். ஆயுத பூஜைன்னா ஒருத்தன் மட்டும் லீவு போட்டுட்டு ஓடிடுறான். வெரல் போவாம என்னா போவும்?" என்றார், பாக்கியசாமியைப் பார்த்து.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. பெல்ட் பக்கம் பூசணிக்காய், வாழைக்கன்று, பொரி. கருணாகரன் சூடத் தட்டை நீட்டினார்.

"யோவ் அல்லேலூயா, இந்த வருசம் நீதான் காட்டுற."

பாக்கியசாமி தட்டை வாங்கிவிட்டார். வாங்காமல் இருக்கத் தைரியம் இல்லை. சுடர் ஆடியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டைத் தரையில் வைத்தார்.

"என்னால முடியலீங்க. மன்னிச்சிக்கிங்க."

யாரோ சிரித்தார்கள். கருணாகரன் சிரிக்கவில்லை.

"சரி. ஒன் சாமி ஒன்னப் பாத்துக்கட்டும்."

மறுநாளிலிருந்து பாக்கியசாமி குனியும்போதெல்லாம் புல்கார்டு பக்கம் கருணாகரனே வந்து நின்றார். பேசுவதில்லை, பார்ப்பார், அவ்வளவுதான். பாக்கியசாமி வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கும் அவருதான் நின்னாரு" என்பார். பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார்.

கிறிஸ்டினாவுக்கு அந்த இயந்திரம் புரியும். கயிற்றை இழுத்த பிறகும் பெல்ட் கொஞ்சம் ஓடித்தான் நிற்கும். இழுக்கலாமா என்று ஒருவன் யோசித்தாலே போதும், முடிந்தது.

"வேற வேல பாருங்கப்பா."

"அங்கயும் சூடம் கொளுத்துவாங்கம்மா."

விசிறி சரியான மறுநாள், ஷிப்ட் முடிந்து வந்தவர் டி.வி.யைச் சத்தமாக வைத்தார். ஜெபத்துக்கு இல்லை, பேசுவதற்கு. பெல்ட் இரைச்சலில் கருணாகரன் காதோரம் வந்து சொன்னாராம்: "எம்பொண்ணு அபிக்கு வலிப்பு. மாத்திர குடுக்குறாங்க, நிக்கல. காடாம்புலியூர் வூட்டுக்கு வந்து ஒன் சாமிகிட்ட கேளு. யாருக்கும் தெரியக் கூடாது."

கிறிஸ்டினா டி.வி. சத்தத்தை இன்னும் கூட்டினாள். "போவாதீங்கப்பா. மதம் மாத்த வந்தான்னு கட்டி வெச்சி அடிப்பாங்க. அந்த ஆளு அதுக்குத்தான் கூப்புடுறாரு."

"பொய்யின்னா அடி எனக்கு. நெசமின்னா?" என்றார். "வெள்ளிக்கெழம வர்றேன்னு சொல்லிட்டேன்."

வியாழன் காலை, ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போகும் வரை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அடக்கத்துக்குக் கருணாகரன் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே வண்டி பக்கத்தில் நின்றார். கிறிஸ்டினா வெளியே வந்தபோது தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்கு வர்றேன்னு சொல்லியிருந்தாருமா."

அவள் அந்த முகத்தையே பார்த்தாள். அழுத முகமா, வேவு பார்க்கும் முகமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக் காடாம்புலியூர் பக்கம் தனியாகப் போனார்.