துபாய்க்குப் போகிற இறக்கம்

அம்மா துபாய்க்குப் போவதா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஏழு வயதில் எனக்குக் கிடைத்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. "பாப்பா சரின்னு சொன்னா போறேன், இல்லன்னா வேணாம்" என்று அப்பாவிடம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டாள். நான் முடியாது என்றேன். அஸ்தினாபுரம் வீட்டில் அதன்பிறகு யாருக்கும் சோறு இறங்கவில்லை.

சமாதானம் பேச அம்மாவின் தம்பி வந்தார். மாமா வாடகைக் கார் ஓட்டுபவர். வாய்ச்சவடாலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டிக்கெட்டை என் முன்னால் விரித்தார். கிளம்புவது காலை பத்து மணி, போய்ச்சேர்வது பகல் பன்னிரண்டரை.

"இன்னா பெரிய தூரம்? ரெண்டரை மணி நேரம். டிராஃபிக்ல மாட்டிக்கினா பாரீஸ் கார்னர் போறதுக்கே அவ்ளோ ஆவுது."

எனக்கு மணி பார்க்கத் தெரியும். விரல்விட்டு எண்ணினேன், கணக்குச் சரியாக இருந்தது. துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதை மாமா சொல்லவில்லை. அம்மா அவரை முறைத்தாள், ஆனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. நான் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தேன்.

போனவள் ஒரு வருஷம் கழித்துத்தான் ஒரு மாத லீவில் வந்தாள். அழைத்துவர மாமாவின் காரில் மீனம்பாக்கம் போனோம். வழியில் அப்பா போனில் டிக்கெட்டைக் காட்டினார். அங்கே காலை பத்துக்குக் கிளம்பி, இங்கே சாயங்காலம் மூன்றரைக்கு வருகிறாளாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"துபாய் பள்ளத்துல கீது கண்ணு. போறப்ப இறக்கம், சர்ருனு பூடும். வரப்ப மேடு ஏறணும்ல?"

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். திருநீர்மலைப் படிகளில் ஏறி இறங்கியவள் நான். எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அம்மா இளைத்துப்போயிருந்தாள். பின்சீட்டில் என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, என் தலையை முகர்ந்துகொண்டே வந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பல்லாவரம் தாண்டும்போது கேட்டேன்.

"மேடு ஏறி வர்றது ரொம்ப கஷ்டமா இருந்துச்சாம்மா?"

அம்மா ஒன்றும் புரியாமல் விழித்தாள். மாமா சொன்னதைச் சொன்னேன். அப்பா முன்சீட்டிலிருந்து திரும்பி, பூமி உருண்டை, சூரியன் என்று விளக்க ஆரம்பித்தார்.

"விடுங்க" என்றாள் அம்மா. "மாமா சொன்னது கரெக்டுதான்டா தங்கம். வர்றதுக்குத்தான் ரொம்ப நேரமாச்சு."

அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. பாவம், அலுப்பு என்று நினைத்து நான்தான் தைரியம் சொன்னேன்.

"கவலப்படாதம்மா. அடுத்த மாசம் போறப்ப இறக்கம்தானே, சட்டுனு போயிடலாம்."

அம்மா என் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நல்ல செய்தி சொன்னதற்கு எதற்காக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.