மெசினுக்குப் பொட்டு வைக்கும் இடம்

என் மச்சான் வரதராஜாவுக்கு நான் இரண்டாயிரம் டொலர் கடன்பட்டிருந்தேன். 1976இல் அது சின்னக் காசில்லை. வங்கிக்காரன் கையை விரித்தபோது அவன்தான் தந்தான். நத்தார்ப் பண்டிகைக்கு முன் முழுக் காசும் வரவேண்டும், வராவிட்டால் மெசின் அவனுக்கு என்று பேச்சு.

மெசின் என்றால் ஜப்பான் கடைசல் மெசின். இரும்புத் தண்டைச் சுழற்றிச் சீவி அளவாக்கித் தரும். அந்த நாளில் மெல்பேர்னில் ஜப்பான் சாமான் என்றால் நக்கல்தான்.

“இங்கிலீஷ்காரன்ர மெசினை விட்டுப்போட்டு உந்த விளையாட்டுச் சாமானையோ வாங்கினனீ?” என்றான் வரதராஜா.

“பொறுத்துப் பார்” என்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் மெல்பேர்னின் டண்டினோங் பக்கம் சொந்தப் பட்டறை போட்ட முதல் யாழ்ப்பாணத்தான் யார் என்று கேட்டுப்பாருங்கள்.

தண்ணீர்ப் பம்புக்குத் தண்டு கடையும் ஓடர் ஒன்று பிடித்தேன். முதல் தொகுதி திரும்பி வந்தது. ஒரு முனை மொத்தம், மறுமுனை மெல்லிசு. இரண்டாவதும் அப்படியே. இன்னொரு தரம் பிழைத்தால் ஓடர் இல்லை என்றார்கள். ஓடர் போனால் மெசினும் போகும்.

விற்ற கொம்பனிக்குச் சொல்லி அனுப்பினேன். ஒகாடா என்ற ஜப்பான்காரர் வந்தார். அவருக்கும் எனக்கும் ஒரே அளவு இங்கிலீஷ், அதனால் பேச்சு நன்றாக விளங்கியது. தண்டின் மறுமுனையைத் தாங்கும் கூர்முனையைக் கழற்றி, அது உட்காரும் குழிக்குள் விரலை விட்டார். விரலில் காய்ந்த சந்தனம்.

வெள்ளிக்கிழமை தோறும் நான் கூர்முனையைக் கழற்றி மெசினைத் துடைத்துக் கொடுப்பேன், மனுசி நாகேஸ்வரி அந்தக் குழியில் பொட்டு வைப்பாள். மெசினின் வாய் அதுதான் என்பது அவள் கணக்கு. சாமிக்கு வைத்ததை எவன் சுரண்டுவான்? பொட்டின் மேல் பொட்டாகத் தடித்து, கூர்முனை சரிந்து நின்றிருக்கிறது.

“இனிப் பட்டறைக்குள்ள சாமியும் வேண்டாம் சந்தனமும் வேண்டாம்!” என்று பக்கத்தில் நின்ற அவளைப் பார்த்துக் கத்தினேன். “சாமி கும்பிட்டோ ஜப்பான்காரன் முன்னேறினவன்?”

“சோறு போடுற மெசினுக்கு வையாம, உங்கட மொட்டைத் தலைக்கோ பொட்டு வைக்கிறது?” என்றாள் அவள்.

என்ன சண்டை என்று ஒகாடா கேட்டார். சொன்னேன்.

“ஏன் நிற்பாட்டுகிறீர்கள்? எங்கள் தொழிற்சாலையிலும் சுவரில் சாமித் தட்டு இருக்கிறது. காலையில் முதலாளி கைதட்டிக் கும்பிடுவார். அரிசி, தண்ணீர், உப்பு படைப்போம்.”

“உப்போ? இரும்பு கறள் பிடிக்குமே!”

“அதனால்தான் தட்டில் வைக்கிறோம். மெசினில் போட்டால் முதலாளி என்னைக் கொன்றுவிடுவார்.”

நாகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவருடைய தகப்பனார் காலத்தில் அவர்கள் பட்டறைக்கு வெளிநாட்டு மெசின் வந்ததாம். சாமித் தட்டைக் கழற்று என்றார்கள் பாதிப் பேர். மெசினைத் திருப்பி அனுப்பு என்றார்கள் மீதிப் பேர். தகப்பனார் இரண்டையும் கேட்கவில்லை. சுழலும் பெல்ட் இடிக்காதபடி தட்டை ஒரு முழம் உயர்த்தி அடித்தார். அவ்வளவுதான்.

அன்றைக்கே நானும் பலகை அறுத்து, மெசினுக்கு நேர் மேலே சுவரில் அடித்தேன். பிள்ளையார் ஏறினார். சந்தனம் அவருக்கு, எண்ணெய் மெசினுக்கு. பிறகு நான் நிமிரவில்லை. கையில் இரும்புச் சீவல் ஏறி இரத்தம் வந்தது, துணியைச் சுற்றிக்கொண்டு கடைந்தேன். பம்புக்காரன் ஒவ்வொரு தண்டையும் அளந்தான். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

நத்தாருக்கு இன்னும் நாள் இருந்தது. பம்புக்காரன் தந்த காசோடு வரதராஜா வீட்டுக்குப் போனேன்.

“செக் எழுதித் தந்தால் காணும்தானே, மச்சான்?” என்றான் அவன்.

“இல்லை. கையை நீட்டு.”

நீட்டினான். அவன் மனுசியும் கதவடியில் வந்து நின்றாள். விரலை நாக்கில் தொட்டு, சத்தமாக எண்ணி, கடைசித் தாள்வரை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.