மனைவி கற்ற ஆங்கிலம்

துடியலூருக்குக் குடிவந்த பிறகு, என் மனைவி கைபேசியைச் சமையல் மேடையில் சாய்த்துவைத்துக் கடினமான ஆங்கிலச் சொற்களை முணுமுணுக்கத் தொடங்கினாள். எளிய ஆங்கிலம் அவளுக்கு முன்பே தெரியும். நான் அடுக்களைக்குள் நுழைந்தால் முணுமுணுப்பு நின்றுவிடும்.

"எதுக்கு அம்மணி இதெல்லாம்?"

"சும்மாதானுங்க."

அந்தச் 'சும்மா' என்னை உறுத்தியது. கனடாவில் வாழும் எங்கள் மகன், அங்கேயே வந்து தங்கிவிடும்படி எங்களை நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தான். வரமாட்டேன் என்று நான் முன்பே கூறிவிட்டேன். அவள் மட்டும் புறப்பட ஆயத்தமாகிறாளோ என்று ஐயுற்றேன். பரண்மேலிருந்த பயணப்பெட்டியை அவள் இறக்கித் துடைத்தபோது ஐயம் வலுத்தது.

ஒரு ஞாயிறன்று மகன், கைபேசித் திரையில் தன் வெள்ளைக்கார மாமியாரைக் காட்டினான். அகராதிக்கு வெளியே எவரும் வழங்காத சொற்களை அடுக்கி என் மனைவி ஏதோ வேண்டினாள். அந்த அம்மையார் திகைத்துப்போனார். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வரும்படி அழைத்தாள் என்பது, மகன் விளக்கிய பின்பே அவருக்கும் எனக்கும் புரிந்தது.

"சாதாரண இங்கிலீசுல கூப்பிட்டா ஆகாதா?" என்றேன்.

"சம்பந்தியம்மாளை மொட்டையா 'கம்'ன்னு கூப்பிட முடியுங்களா? 'ப்ளீஸ்' பஸ் கண்டக்டர்கிட்டக்கூடச் சொல்றோம். 'ங்க' போட அவுங்க பேச்சுல வழியில்லீங்க. அதான் மரியாதைக்குப் பெரிய வார்த்தையாப் பாத்துப் படிச்சேன். அவுங்களுக்குப் போர்வைகூடப் பெட்டியிலிருந்து எடுத்து வெச்சுட்டேன். நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

"சும்மாதான் கேட்டேன், அம்மணி."

அதை அவள் நம்பவில்லை.