மடங்காத முட்டி

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஸ்கூல் வேன் ஓட்டப் போனவன் நான். எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெருங்களத்தூரில் பைக்கிலிருந்து விழுந்து இடது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே ராடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, முட்டிதான் மடங்கவில்லை. அப்படியே இருந்தால் கிளட்ச்சை மிதிக்க முடியாது. "அடுத்த தடவை வரும்போது செங்கோணத்துக்கு மடங்கணும். இல்லேன்னா மயக்க மருந்து கொடுத்து நாங்க மடக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பிசியோதெரபிக்கு வாரம் ஒருமுறை ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். என்னைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார். தரையில் கேரம் போர்டைப் போட்டு, பவுடர் தூவி, அதன்மேல் பாதத்தைப் பின்னால் இழுக்கச் சொன்னார். இடுப்பு எழும்பாமல் ஒருவர் அமுக்க வேண்டுமாம். அவர் கை வைக்க வந்ததும் எனக்குக் கூச்சம். "வீட்ல பிடிச்சுக்குவாங்க" என்றேன். மனைவி பிடித்தாள். தினமும் செய்தோம். பாதம் போர்டின் நடு வட்டத்தைத் தாண்டியதும் இனி பயமில்லை என்று நினைத்தோம்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தின மாலை அந்தப் பெண் முட்டியில் கோணம் அளக்கும் முள் வைத்த அளவுகோலை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"போன வாரம் இருந்த மாதிரியே இருக்கேண்ணா! எங்க, தினமும் செய்யிற மாதிரி செய்ங்க."

பாதத்தை இழுத்தேன். வலி தொடை வரை ஏறியது.

"அக்கா, நீங்க அவரை அமுக்குறீங்களா, தாங்குறீங்களா?"

என் இடுப்பு கட்டிலை விட்டு எழும்பியிருந்தது. அதனால்தான் பாதம் பின்னால் போயிருக்கிறது, முட்டி மடங்கி அல்ல.

"அவர் முகத்தைப் பாத்தா கை தானா விட்டுடுதும்மா" என்றாள் மனைவி.

"அப்போ முகத்தைப் பாக்காதீங்க, சுவத்தைப் பாருங்க. அண்ணா, மூச்சை அடக்காதீங்க, மெதுவா விடுங்க."

மனைவி சுவரைப் பார்த்தபடி அழுத்தினாள். "உள்ளே ராடு வளைஞ்சுடாதா?" என்று கேட்டேன். "வளையாதுண்ணா, இழுங்க" என்றார் அவர். பாதம் வட்டத்துக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. ஆனால் அளவுகோலில் முள் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

மறுநாள் டாக்டர் அளந்தார். செங்கோணம் வரவில்லை. ஆனால் கொஞ்சம் மடங்க ஆரம்பித்திருக்கிறது, அதனால் மயக்க மருந்து இப்போது வேண்டாம், இன்னும் ஒரு மாதம் இதையே செய்யுங்கள் என்றார். பஸ்ஸில் திரும்பி வந்தோம்.