ஈ மொய்க்காத கருவாடு

ஜெபித்து ஜெபித்துச் சலித்துப்போயிருக்கும் சகோதரருக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிச் சலித்தவன்தான்.

1953-ல் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. தேறினேன். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுத குடும்பம் எங்களுடையது. எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் படிப்புக்கு எங்களுக்குத் தெரிந்த வழிகள் இரண்டே: பள்ளிக்கூட வாத்தியார், இல்லாவிட்டால் குமாஸ்தா. வாத்தியார் வேலைக்குப் பயிற்சி கேட்டார்கள். குமாஸ்தா வேலைக்கு டைப் கேட்டார்கள். மதராஸில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் சிபாரிசு கேட்டார்கள். ரசாயனம் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு தினசரிக்கு உள்ளூர்ச் செய்தி எழுதி அனுப்பிக்கொண்டு இரண்டு வருஷம் ஓடிற்று. காலையில் எழுந்ததும் ஒரே ஜெபம்: "ஆண்டவரே, என் படிப்புக்கு ஒரு வேலை கொடும்." வானம் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஜெபத்தின் நடுவிலேயே என் மனம் வேறெங்கோ போய்விடும்.

1955 கோடையில் அக்கா மார்த்தாள் என்னைப் புதுப்பட்டினத்துக்கு வரச் சொன்னாள். அவள் புருஷன் தேவசகாயம் மாமாவுக்கு அங்கே கருவாட்டு வியாபாரம். நான் தராசு பிடித்தேன். மாமா சந்தையில் என்னைக் காட்டி எல்லோரிடமும் சொல்வார்: "நம்ம தராசு பி.எஸ்ஸி. படிச்ச தராசு. ஒரு குண்டுமணி கூட ஏமாத்தாது!" கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை மாமாவும் நானும் திருக்கழுக்குன்றம் சந்தையில் பாக்கி வசூலிக்கப் போய்விட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் திரும்பினோம். வீட்டு வாசலில் பெண்கள் தள்ளித் தள்ளி நின்றிருந்தார்கள். உள்ளே அக்கா தரையில் சுருண்டு கிடந்தாள். காலையில் நன்றாக இருந்தவள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தி, பிறகு பேதி. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன.

"வாந்திபேதிதான். கிட்ட போவாதீங்க" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள். அதைச் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. மாமா வண்டிக்காரனைத் தேடி ஓடினார்.

நான் பின்பக்கம், கருவாடு காயும் முற்றத்துக்குப் போய் மண்ணில் முழங்கால் போட்டேன். "அவளை எடுத்துக்கொள்ளாதேயும்" என்று மட்டும் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது எதிரே கருவாடு. பரப்பி இருந்த பாய்களில் வெயில் அடித்தது. ஏதோ சரியில்லை என்று தோன்றியது. எது என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. அந்த முற்றத்தில் ஒரு ஈ இல்லை. வீட்டுக்குள்ளே, அக்கா தலைமாட்டில், ஈ மொய்த்தது. இத்தனை கருவாட்டின்மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. வேலியோரம் ஒரு காக்கை இறக்கை விரித்தபடி செத்துக் கிடந்தது.

மாமா வண்டியோடு வந்தார்.

"மாமா, கருவாட்டுக்கு என்ன போட்டீங்க?"

"இப்ப அது இன்னாத்துக்குடா? உங்க அக்கா சாவக் கெடக்கறா!"

"சொல்லுங்க மாமா."

"மருந்து போட்டேன். புழு வெச்சிகினு இருந்திச்சி. நேத்து ராத்திரி பாய்க்கும், கட்டி வெச்ச மூட்டைக்கும் உப்போட கலந்து தூவினேன்."

"என்ன மருந்து?"

"மருந்துன்னா மருந்துதான்! தோல் மண்டியில கீற நம்ம கூட்டாளி குடுத்தான். தோலுக்குப் போட்டா ஒரு பூச்சி அண்டாதாம். மருந்து நல்லதுதானே மச்சான்?"

நம் ஊரில் உயிர் காப்பதற்கும் மருந்து என்றுதான் பெயர், பூச்சி கொல்வதற்கும் மருந்து என்றுதான் பெயர். மாமா நல்லதைத்தான் கேட்டு வாங்கியிருந்தார்.

பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னேன். வெள்ளைப் பொடி. வாசனை இல்லை. கைக்குக் கனமாக இருந்தது. அடுப்பில் கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. ஒரு சிட்டிகையைத் தூவிவிட்டு விலகி நின்றேன். வெண்புகை எழுந்தது. பூண்டு வாசனை வந்தது.

அன்று அந்த வீட்டில் பூண்டு உரிக்கவில்லை. கல்லூரியில் பேராசிரியர் ஒரே ஒரு தடவை செய்துகாட்டிய சோதனை அது. பாஷாணம் என்கிற ஆர்சனிக் விஷம் கரித்தணலில் விழுந்தால் பூண்டாக மணக்கும்.

"மாமா, அக்கா மத்தியானம் இதைச் சாப்பிட்டாளா?"

"நாம சந்தையில இல்ல தின்னோம்? அவ இன்னா தின்னாளோ!" என்றார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அக்காவைத் தூக்க உள்ளே ஓடினார். அடுப்பருகே வறுத்த சட்டி இருந்தது; பாயின் ஓரத்திலிருந்து அக்கா தனக்கு மட்டும் ஒரு துண்டு எடுத்து வறுத்திருக்கிறாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அறிகுறிகளைச் சொன்னதும் காலராக் கொட்டகையைக் காட்டினார்கள். நான் பொட்டலத்தை டாக்டரிடம் நீட்டினேன். "காலரா இல்லை சார். பாஷாணம். தணலில் போட்டுப் பார்த்தேன்" என்றேன். அவர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறு கேள்வி கேட்காமல் வயிற்றைக் கழுவச் சொன்னார். அதற்கென்று ஓர் ஊசி மதராஸிலிருந்து வந்தது. அது வரும்வரை அக்காவின் கை என் கைக்குள் ஐஸாக இருந்தது. மாமா வராந்தாவில் உட்கார்ந்து, "நான்தாண்டா மருந்து போட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் பிழைத்தாள். விரல் நுனிகளில் மரமரப்பு மாத்திரம் இன்றும் இருக்கிறது. முற்றத்துக் கருவாட்டையும், அடுத்த சந்தைக்குக் கட்டி வைத்திருந்த மூட்டைகளையும், டாக்டர் சொன்னபடி, கிணற்றுக்கு வெகுதூரத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். அவை எத்தனை வீட்டு அடுப்புக்குப் போயிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் எழுதும் கை நிற்கிறது.

அக்காவை வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் கேட்டார்: "பி.எஸ்ஸி.யா? ஏன் சும்மா இருக்கிறாய்? சாப்பாட்டுப் பொருளைச் சோதிக்கச் சர்க்கார் சோதனைச்சாலை இருக்கிறதே, தெரியாதா?" தெரியாது. அப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. மனுப் போட்டேன். முதல் தடவை கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் கிடைத்தது. இன்று எண்ணெய், மாவு, மிளகாய்த்தூள் என்று என் மேஜைக்கு வருகிறவற்றில் சில, பார்க்க மிகவும் சுத்தமாக இருக்கின்றன. அவற்றைத்தான் முதலில் சோதிக்கிறேன்.

நான் இரண்டு வருஷம் கேட்டது என்ன? "என் படிப்புக்கு ஒரு வேலை." சம்பளம் என்று நினைத்துக் கேட்டேன். கர்த்தர் நான் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு மத்தியானம், ஒரு சிட்டிகை, ஓர் அடுப்பு. அதுதான் என் படிப்புக்கு அவர் கொடுத்த முதல் வேலை. மாத்திரைக் கம்பெனி என்னைச் சேர்த்திருந்தால் அன்று நான் புதுப்பட்டினத்தில் இருந்திருக்கமாட்டேன். அக்கா கொட்டகையில் கிடந்திருப்பாள்.

பட்டத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, கேட்பதை விட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். பதில் எதிரிலேயே, வெயிலில் காய்ந்துகொண்டிருக்கலாம்.

அக்கா இன்றும் கருவாடு வாங்குகிறாள். கூடைக்காரி ஈயை விரட்டக் கையை ஓங்கினால், "வுடு, குந்தட்டும்" என்கிறாள். ஈ வந்து உட்கார்ந்த பிறகே விலை கேட்கிறாள். அந்த ஈக்காக அவள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்வதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். கூடவே நானும் சொல்கிறேன்.