பதினைந்தில் இரண்டு பேர்

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் என் மாமா வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஒரு ரக்பி அணி இருந்தது. பதினைந்து பேர் ஆடும் ஆட்டம். தலைகோத்து முட்டித் தள்ளும் கூட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, பந்து வெளியே வந்ததும் பாய்வது மாமாவின் வேலை. அம்மாவின் தம்பி. வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவ மாட்டார். அந்த அணிச் சட்டையை மட்டும் யாரையும் தொடவிடாமல் தானே துவைப்பார்.

இயந்திரம் பொருத்த வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் பதிமூன்று பேர் ஆடும் ரக்பியைக் கொண்டுவந்து புது அணி தொடங்கினார். மாமாவுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. அந்த நாட்டில் முன்பு ஒரு வீரரைப் பதினைந்து பேர் ஆட்டத்திலிருந்து விலக்கிவைத்தார்களாம். அவர் ஆள் திரட்டிக்கொண்டு, அதுவரை ஆடியே இராத பதிமூன்று பேர் ஆட்டத்தை ஆட இங்கிலாந்துக்கே போனாராம். பெரும்பாலும் தோற்றார்களாம். தோற்றதைக்கூட மாமா ஜெயித்த மாதிரிதான் சொன்னார்.

"அங்க போனா திரும்ப இங்க எடம் இல்ல" என்று பழைய அணியின் கேப்டன் சொல்லிவிட்டார். முதலில் போனவர் மாமாதான், ஐந்தாறு பையன்களையும் இழுத்துக்கொண்டு.

எனக்கு எட்டு வயது. சாப்பிடும்போது கேட்டேன். "பதினஞ்சுல ரெண்டு பேர எடுத்துட்டா, அவங்க எங்க மாமா போவாங்க?"

"ஓரத்துல நிக்கிறவங்களத்தான் எடுத்துட்டாங்க லா. எனக்கு வேற எடம் குடுப்பாங்க."

முதல் ஆட்டம் செபராங் ஜெயா திடலில். நாசி லெமாக் சோறு கட்டிக்கொண்டு குடும்பமே போனோம். மாமாவுக்கு வேறு இடம் கொடுத்துத்தான் இருந்தார்கள், கோட்டுக்கு வெளியே, தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில். அவர் அழைத்துவந்த பையன்கள் உள்ளே ஓடினார்கள். அம்மா பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அன்று மாலையே மாமா பழைய கேப்டனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். நீலக் கோடுகள் விழுந்தன, பதில் வரவில்லை. அதன்பின் மாமா எந்த ஆட்டமும் ஆடவில்லை. அணிச் சட்டை மோட்டார் சைக்கிள் துடைக்கும் துணியானது.

அந்த வாரம் அவரைச் சிரிக்கவைக்க, புது அணியை வண்ணப் பென்சிலில் வரைந்து கொடுத்தேன். மாமா ஒவ்வொரு ஆளின் மீதும் விரல் வைத்து எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"பதிமூணு. சரியாத்தான் இருக்கு லா" என்றார்.

மாமா என் படத்தில் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்கவில்லை என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.